அலாரத்தை ஊமையாக்கிய கை

அத்தியாயம் 17

முத்துராஜா செத்து இன்றோடு ஒன்பது நாள்.

தேவதானப்பட்டியில் வாழைத்தார்களைப் பழுக்க வைக்கும் சேம்பர் அது. விடிகாலையில் தாரை இறக்க உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அடைத்த அறை முழுக்கக் கரியமில வாயு. வாயு கூடினால் அலற வேண்டிய அலாரத்தை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்த அலாரத்தை ஓட்டுகிற மென்பொருள் எழுதப்பட்ட இடம் அல்லிநகரத்தில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நாகஜோதியின் குடும்பக் கம்பெனி.

சேம்பர் முதலாளி போலீசில் வேறு கதை சொல்லியிருந்தார். அலாரம் அடித்ததாம். குடித்துவிட்டு வந்த முத்துராஜா அதைக் காதில் வாங்காமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டாராம்.

முத்துராஜாவின் மனைவி ஜக்கம்மா நேற்று மாடியேறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "எம் புருசன் குடிக்கிற ஆளு இல்லம்மா. அலாரம் அடிச்சுச்சா, அடிக்கலையா? அத மட்டும் சொல்லிருங்க" என்றாள்.

நாகஜோதிக்கு நேற்று பதில் தெரியாது.

இன்று காலை ஒன்பதரை மணிக்குத் தெரிந்துவிட்டது.

"அடிக்கல ஆத்தா" என்றான் அவள் அண்ணன் கர்ணன். சொல்வதற்கு முன் ஆபீஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தான். "நம்ம சைடுலதேன் நிப்பாட்டிருக்கு."

"யாரு?"

கீழே கடை வாசலில் லாரியிலிருந்து இரும்புக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கர்ணன் ஜன்னலோரம் போய் அதை வேடிக்கை பார்க்கிறவன் போல நின்றான்.

"யாருண்ணே?"

"தம்பி."

நாகஜோதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீரபாண்டித் திருவிழா லோடு. எப்பவும் வைக்கிறதுல மூணு மடங்கு தாரு அடுக்கிட்டாக. அன்னைக்குக் காலையில இருந்து அலாரம் பஸ்ஸர் விடாமக் கத்திருக்கு. மொதலாளி போன் போட்டு வஞ்சிருக்காரு. இவன் இங்கன இருந்தே ஆஃப் பண்ணிட்டான். மறுநா காலையில சேதி வந்ததும் திரும்ப ஆன் பண்ணி வச்சுட்டான். வெவரங்கெட்ட பய."

"ஒன்பது நாளா இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லிருந்தா நீ சோறு திம்பியா?" கர்ணன் திரும்பினான். "நாலு மணிக்கு இந்தச் சாவ விசாரிக்கிற அதிகாரி அம்மா வாராக. சுகிர்தம்னு பேரு. நம்ம புரோகிராமோட முழு ஹிஸ்டரியும் வேணுமாம். அதுல தம்பி பேரு இருக்கு. இருக்கக் கூடாது."

அந்த ஹிஸ்டரி என்ன என்று நாகஜோதிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கம்பெனியில் ஏற்படுத்தியவளே அவள்தான். மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும், யார் மாற்றினார்கள், எப்போது, எதற்காக என்று ஒரு பதிவு விழும். கமிட் என்பார்கள். ஒன்றின் முதுகில் ஒன்றாக அப்படி நாலு வருஷத்துப் பதிவு ஏறி நிற்கிறது.

"நீ வழக்கமாப் பண்ணுறதுதான ஆத்தா? கூட்டிப் பெருக்கித்தான குடுப்ப?"

வாஸ்தவம். நாகஜோதிக்கு அதில் ஒரு கர்வமே உண்டு. தம்பி ராஜபாண்டி பத்துத் தடவை தட்டுத்தடுமாறி, 'சரி பண்ணினேன்', 'மறுபடி சரி பண்ணினேன்', 'இப்பவாவது ஓடு சாமி' என்றெல்லாம் எழுதி வைப்பான். அவள் உட்கார்ந்து ரீபேஸ் போடுவாள். பத்தை ஒன்றாக்குவாள். தேவையற்றதைத் தூக்குவாள். முன்பின்னாக இருப்பதை வரிசைப்படுத்துவாள். படிக்கிறவனுக்கு, ஒரே மூச்சில் யோசித்து எழுதியதுபோலத் தெரியும்.

ஆனால் அதற்கு அவள் வைத்திருந்த விதி ஒன்று உண்டு. தன் மேஜையில் இருக்கிற வரைதான் கைவைக்கலாம். சர்வரில் எல்லோருக்கும் பொதுவான இடத்துக்குப் போன பிறகு தொடக் கூடாது.

"அது வேறண்ணே. வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி நம்ம குப்பைய நாம அள்ளுறது அது. இது..."

"இது தம்பி" என்றான் கர்ணன்.

அப்பா போனபோது ராஜபாண்டிக்கு ஒன்பது வயது. கர்ணன் படிப்பை விட்டுவிட்டு மோட்டார் ரீவைண்டிங் கடையில் நின்று இரண்டு பேரையும் படிக்க வைத்தான். அதை இதுவரை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"வர்ற மாசம் அவனுக்கு நிச்சயம் வச்சிருக்கோம்" என்று மட்டும் சொன்னான். தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு கீழே போனான்.

---

பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தாள். பன்னிரண்டு வரை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு சித்திரை பிறந்ததிலிருந்து விழுந்த கமிட்டுகளையெல்லாம் வரிசையாகத் திரையில் கொண்டுவந்தாள். அந்தப் பட்டியலில் பேரோ தேதியோ இருக்காது. எதற்காக மாற்றியது என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். நடுவில் கிடந்தது அது.

'பஸ்ஸர் ஆஃப்'.

அதற்கு அடுத்ததே 'பஸ்ஸர் ஆன்'.

திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது என்று அவளுக்கே தெரிந்தது.

ஒரு வசதி இருந்தது. ஒன்று நிறுத்தியது, இன்னொன்று திரும்ப ஓட வைத்தது. இரண்டையும் சேர்த்துத் தூக்கிவிட்டால் மிச்ச புரோகிராமில் ஓர் எழுத்து மாறாது. அந்த ஒரு பகலும் ஓர் இரவும் நடக்காததுபோல ஆகிவிடும். அலாரம் என்றைக்கும் சரியாக ஓடியது என்று ஆகிவிடும். அலாரம் ஓடியது என்றால் முத்துராஜா குடித்திருந்தார் என்று ஆகிவிடும்.

மேலே கீழே இருந்த சில்லறைப் பதிவுகளையும் ஒன்றுசேர்த்தாள். எப்போதும் செய்கிற சுத்தம்போல இருக்க வேண்டுமே. பஸ்ஸர் வரிகள் இரண்டுக்கும் நேராக, தூக்கிவிடு என்ற பொருளில், 'டிராப்' என்று அடித்தாள். சேமித்தாள். திரையில் பதிவுகள் கடகடவென்று புதிதாக அடுக்கிக்கொண்டன. ஓரிடத்திலும் இடிக்கவில்லை. பொது இடத்தில் இருந்த பழைய வரிசையின் மேல் புதியதைத் திணித்து அனுப்பினாள்.

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. எழுந்துபோய் முகம் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும், கை தன்பாட்டுக்கு அடுத்த வேலையைச் செய்தது. ரீபேஸ் முடித்தால் பழைய வரிசையையும் புதிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது அவள் பழக்கம். தூக்கியது அப்போதே அழிந்துபோவதில்லை. சில வாரங்களுக்கு அவள் மிஷினின் ஒரு மூலையில் கிடக்கும்.

கிடந்தது. பேரோடும் தேதியோடும் கிடந்தது.

ராஜபாண்டி. செவ்வாய்க்கிழமை. காலை 11:42.

நாகஜோதி அதை இரண்டு தடவை படித்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு ராஜபாண்டி வீரபாண்டியில் இருந்தான். முல்லையாற்றில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, இரண்டு கையிலும் தீச்சட்டி ஏந்தி நடந்துகொண்டிருந்தான். கூட்டம் நகரவில்லை. தார் ரோடு கொதித்தது. அவன் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, குடத்தோடு பின்னாலேயே போனவள் நாகஜோதி. சட்டியை இறக்கும்போது மணி ஒன்று.

கர்ணன் அதற்குப் பிறகுதான் கோயிலுக்கு வந்தான். 'தேவதானப்பட்டியில இருந்து ஒரு போனு, அதேன் லேட்டு' என்றான்.

கமிட்டைத் திறந்தாள். ஒரே ஒரு வரி மாறியிருந்தது. அந்த வரியில் பஸ்ஸர் மட்டும் இல்லை. கெட்ட காற்றை வெளியே தள்ளுகிற விசிறியும் அதே சிக்னலில்தான் ஓடியது. சத்தத்தை நிறுத்த அங்கே கைவைத்தால் விசிறியும் நின்றுவிடும். சேம்பரின் கட்டுப்பாட்டுப் பேனலுக்குத் தன் கையால் வயர் இழுத்த ராஜபாண்டிக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

தெரியாத ஆள் அந்த ஆபீசில் ஒருவர்தான்.

---

மாடியிலேயே ஆபீசுக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகையில் ராஜபாண்டி பேனல் பெட்டிக்குச் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, கையக் காட்டு."

"என்னக்கா?"

"காட்டுறா."

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"சட்டிய எப்படா எறக்குன?"

"நீதான பின்னாடியே வந்த?"

"மணியக் கேட்டேன்."

"ஒண்ணு இருக்கும்."

"அப்ப பதினொன்னு நாப்பத்திரெண்டுக்கு எந்தக் கையால டைப் அடிச்ச? மூணாவது கை எதுவும் மொளச்சிருந்துச்சா?"

ராஜபாண்டி சால்டரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்தான். ஒருமுறைக்கு இரண்டு முறை சரியாக வைத்தான்.

"அண்ணன் சொல்லிட்டாகளா?"

"நீ பண்ணுனன்னு சொன்னாக."

"ம். அப்பிடித்தேன் வச்சுக்கிருவோம்னு பேச்சு."

"யாருடா பேசுனது?"

"என் லேப்டாப்புல பண்ணிட்டாக, எம்பேருல விழுந்துருச்சு. 'இருந்துட்டுப் போகட்டும்டா. எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக. அக்கா எப்பிடியும் அழிச்சிரும், வெளிய வரவே வராது'ன்னு சொல்லி..." அவன் குரல் இறங்கியது. "எங்காலப் பிடிக்க வந்துட்டாகக்கா. அண்ணன். எங்கால."

"நான் அழிக்கலேன்னா?"

"அழிச்சிருவன்னாக."

"அழிச்சிட்டேன்டா."

அவன் முகத்தில் ஒரு கணம் வந்துபோன நிம்மதியைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"அப்பறம் என்னக்கா? முடிஞ்சுபோச்சுல்ல?"

"முத்துராஜா?"

ராஜபாண்டி பேனலின் திருகு ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினான். "பேனல் மாட்டப் போகையில எல்லாம் அந்தாளுதேன் எனக்கு டீ வாங்கித் தருவாரு. டீய எங்கையில குடுத்துட்டு, ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு" என்றான். "அந்தப் பேச்சு வேணாம்க்கா. கும்புடுறேன்."

---

மூன்று மணிக்குக் கர்ணன் மேலே வந்தான்.

"முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு. நேரத்தப் பாத்துட்டேன்."

"என்ன நேரம்?"

"பதினொன்னு நாப்பத்திரெண்டு."

கர்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவளால் ஒருவேளை தாங்கியிருக்க முடியும்.

"ரெண்டு பேருக்கும் போன் போட்டேன். பதினாறு தடவ. ஒருத்தன் கையில சட்டி, ஒருத்தி கையில கொடம். அங்கிட்டு சேம்பர் மொதலாளி காதுல வந்து கத்துறாரு, இப்ப நிப்பாட்டலேன்னா பேனலப் பேத்து எறிஞ்சிருவேன்னு. தம்பி லேப்டாப்பு தெறந்து கெடந்துச்சு. நீங்க பண்ணுறத எத்தன தடவ பாத்திருக்கேன்? ஒரே ஒரு வரி ஜோதி."

"அந்த வரி விசிறியையும் நிப்பாட்டிருச்சுண்ணே."

"எனக்கெப்படித் தெரியும்? ரெண்டையும் ஒரே வரியில கட்டி வச்சவ நீ."

அது உண்மை. இரண்டையும் பிரித்து எழுதியிருக்கலாம். அரை மணி நேர வேலை.

"பழச அப்பிடியே திரும்பக் கொண்டாரப் போறேன்" என்றாள்.

"கொண்டா. அதுல யாரு பேரு இருக்கு? எம்பேரா?"

நாகஜோதியின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

இப்படியே விட்டால் முத்துராஜா குடிகாரர். ஜக்கம்மாவின் பிள்ளைகள் கடைசிவரை குடிகாரனின் பிள்ளைகள். பழையதைக் கொண்டுவந்தால் சிறைக்குப் போகிறவன் ராஜபாண்டி. கமிட்டில் இருக்கிற பேர் பொய், நேரம்தான் நிஜம் என்று சொல்ல அவள் ஒருத்திதான் இருக்கிறாள். ஊரே அவனைச் சட்டியோடு பார்த்தது. எழுத்தில் இருக்கிற பேருக்கு முன்னால் ஊர் பார்த்தது நிற்குமா?

"ஆத்தா, நான் சொல்றதக் கேளு..."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி மூன்று இருபத்தைந்துதான் ஆகியிருந்தது.

---

சுகிர்தத்துக்கு ஐம்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, தோளில் கனத்த பை. தண்ணீர் வேண்டுமா என்று கர்ணன் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். தன் லேப்டாப்பில் பொது இடத்து வரிசையை இறக்கினார். ஐந்து நிமிஷம் அதை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

கர்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ராஜபாண்டி கொட்டகைக் கதவருகே வந்து நின்றான்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார் சுகிர்தம்.

"தங்கச்சி கைவேலைங்க மேடம்" என்றான் கர்ணன்.

"கமிட்டுக்கு ரெண்டு தேதி உண்டு. எழுதின தேதி ஒண்ணு. அதை இந்த வரிசையில கொண்டுவந்து வச்ச தேதி ஒண்ணு. சாதாரணமாப் பார்த்தா முதல் தேதிதான் தெரியும்." அவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இந்தக் கடைசி நாற்பத்தொரு கமிட்டும் இன்னைக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கு வச்சிருக்கு. வச்ச ஆள் எல்லாத்துலயும் ஒரே பேரு. யாரு நாகஜோதி?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் நாகஜோதிக்கு இது மறந்திருக்காது.

அவள் வாயைத் திறப்பதற்குள் கர்ணன் முந்திக்கொண்டான்.

"தங்கச்சிங்க மேடம். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வெவரமெல்லாம் பத்தாது. எல்லாம் அதுதேன் பாக்கும். இன்னைக்கு என்ன பண்ணுச்சோ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

காலையில் இவன் தாழ்ப்பாள் போட்ட சத்தம் நாகஜோதியின் காதில் இன்னும் இருந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுகிர்தத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதுவரை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் அறுந்தது.

"நான்தேன் மேடம்" என்றாள். "ரெண்டு கமிட்டத் தூக்குனேன். அழியல, இந்த மிஷின்லயே கெடக்கு."

ஒரே ஒரு கட்டளை அடித்தாள். பழைய வரிசை எழுந்து நின்றது. லேப்டாப்பை அப்படியே சுகிர்தத்தின் முன்னால் தள்ளினாள்.

"செவ்வாய்க்கெழம பகல்ல இருந்து அலாரம் ஓடல, விசிறியும் ஓடல. முத்துராஜா மேல ஒரு தப்பும் இல்ல. அத மொதல்ல எழுதிக்கிருங்க மேடம்."

சுகிர்தம் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ராஜபாண்டின்னு இருக்கு" என்றார் சுகிர்தம்.

"அவன் இல்ல. அந்த நேரத்துக்கு அவன் வீரபாண்டியில தீச்சட்டி எடுத்துக்கிட்டு இருந்தான். நான் கூடவே போனேன்."

"அப்ப யாரு?"

"நான்தேன் மேடம்."

குரல் கதவருகிலிருந்து வந்தது. ராஜபாண்டி உள்ளே வந்தான்.

"அக்கா எனக்காகப் பொய் சொல்லுது. சட்டிய நான் வெள்ளனவே எறக்கிட்டேன். இங்கன வந்து நான்தேன் ஆஃப் பண்ணுனேன். எம்பேரு இருக்குல்ல? அதேன்."

"டேய்!" என்று கத்தினாள் நாகஜோதி.

சுகிர்தம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கர்ணனிடம் திரும்பினார்.

"நீங்க மூத்தவர். இதுல யார் சொல்றது நிஜம்?"

கர்ணன் கைக்குட்டையை நான்காக மடித்தான். அதைச் சட்டைப் பையில் வைத்தான்.

"தம்பி சொல்றதுதேன் மேடம்."

தானாக வலிய வந்து சொன்னவன்தான் ராஜபாண்டி. ஆனாலும் அண்ணன் வாயிலிருந்து அது வந்தபோது அவன் முகம் செத்துவிட்டது. கடைசி நொடியில் அண்ணன் வேறு ஏதோ சொல்வான் என்று அந்த முட்டாள் பயல் நம்பியிருந்தான்.

சுகிர்தம் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்.

"சரி. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில இந்த ஆபீசைத் திறந்தது யாரு? சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

ராஜபாண்டி அண்ணனைப் பார்த்தான்; கர்ணன் தரையைப் பார்த்தான். சுகிர்தம் பேனாவை மூடிவிட்டு எழுந்து, கீழே ஹார்டுவேர் கடைக்காரரைக் கேட்டுவர மாடிப்படி இறங்கினார்.